ஒரே இரவில் மூன்று சாவு! டாக்டர் ஆனார் ஐடா

ஒரே இரவில் மூன்று பெண்கள் செத்துப் போனார்கள். மூன்று பேருக்கும் பிரசவ வேதனை. மூன்று பேர் வீட்டில் இருந்தும் உதவி கேட்டு ஆள் வந்தது. உதவிதான் போய்ச் சேரவில்லை.

இது நடந்த ஊர் திண்டிவனம். 1890-க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் நடந்தது. திண்டிவனம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் அப்போது ஒரே ஜில்லா. தென் ஆற்காடு ஜில்லா. அந்தக் காலத்தில் பெண் டாக்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆண் டாக்டர் பெண்ணைத் தொட்டு வைத்தியம் செய்வதை வீட்டார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிரசவம் பார்க்கும் கிழவி கையை விரித்துவிட்டால், அத்தோடு சரி.

திண்டிவனத்தில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் இருந்தார். பெயர் ஜான் ஸ்கடர். பாதிரியார் மட்டும் அல்ல, டாக்டரும் கூட. அவருடைய மகள்தான் ஐடா. வயது இருபதை ஒட்டி இருக்கும். நல்ல அழகி. துடுக்கான பெண்.

அன்று ராத்திரி ஐடா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து இருந்தார். முதலில் வந்தவர் ஒரு பிராமண வாலிபர். அவருடைய மனைவிக்கு வயது பதினான்கு. பிரசவம் ஆகாமல் துடிக்கிறாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. வந்தவர் ஒப்பவில்லை. வேறு ஆண் முகம் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு முஸ்லிம் வந்தார். அதே கதை. அதே பதில். பிறகு இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

அன்று ஐடா தூங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் பறை முழக்கம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

இந்தியாவே வேண்டாம் என்றவர்

ஐடாவுக்கு இந்தியா புதிது அல்ல. அவருடைய தாத்தா, அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான், 1819-ம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்த அமெரிக்க டாக்டர். பிறகு சென்னைக்கு வந்தார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பமே இந்தப் பக்கத்தில் வைத்தியமும் மதப் பிரசாரமும் செய்தது.

ஐடா பிறந்தது இராணிப்பேட்டையில். 1870 டிசம்பர் 9. ஆறு வயதில் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தார். பெரியவர்கள் கஞ்சி ஊற்ற, சின்னப் பெண் ஐடா பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்தார். ரோட்டு ஓரத்தில் செத்துக் கிடந்த குழந்தைகளையும் பார்த்தார். அந்தக் கண்ணறாவி அவர் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

பிறகு அமெரிக்காவுக்குப் போய் அங்கே படித்தார். கூடப் படித்த பெண்களோடு ஆட்டம், பாட்டம், சிரிப்பு. இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணமே கிடையாது. நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு சுகமாக வாழ வேண்டும் என்பதே ஆசை. 1890-ம் ஆண்டில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்தது. கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் திண்டிவனம் வந்தார்.

அந்த மூன்று சாவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். ஐடா எப்படிப்பட்ட சுகவாசிப் பெண் என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம்.

1895-ம் ஆண்டில் பிலடெல்பியாவில் உள்ள பெண்கள் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க் நகரத்தில் உள்ள கார்னெல் வைத்தியக் கல்லூரி 1898-ல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. உடனே அங்கே மாறி 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஊருக்குப் புறப்படும் முன் ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டும். ஒரு பணக்கார அம்மாளைப் பார்த்து உதவி கேட்டார். அடுத்த அறையில் இருந்த வயதான பாங்கு முதலாளி ஒருவர் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. அவர் பெயர் ஷெல். மறுநாள் ஐடாவை வரவழைத்து, இறந்துபோன தன் மனைவியின் ஞாபகமாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். ஐடா கேட்க நினைத்ததைவிட அதிகம்.

ஒரு அறை, ஒரு கட்டில்

1900-ம் ஆண்டு பிறந்தபோது ஐடா இந்தியாவில் இருந்தார். இந்தத் தடவை ஊர் வேலூர். அப்பாவிடம் பழகித் தொழிலைக் கற்கலாம் என்று நினைத்தார். சில மாதங்களிலேயே அப்பா காலமானார். புது டாக்டர், அதுவும் இளம்பெண், தன்னந்தனியாக நின்றார்.

ஜனங்கள் நம்பவில்லை. ஒரு பெண் பிள்ளை வைத்தியம் செய்வதா என்று தயங்கினார்கள். வீட்டிலேயே ஒரு சிறிய அறையை வைத்தியத்துக்கு ஒதுக்கினார் ஐடா. ஒரு கட்டில் போட்டார். ஒருவர் வந்தார், குணமானார். அவர் பத்துப் பேரிடம் சொன்னார். அப்புறம் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. இரண்டு ஆண்டில் 5 ஆயிரம் பேருக்கு வைத்தியம் செய்தார்.

உதவிக்கு ஆள்? வீட்டில் வேலை பார்த்தவரின் மனைவி சலோமி என்ற பெண். அவளுக்குத்தான் மருந்து கட்டவும், கத்தியைக் கொதிக்கவைத்து எடுக்கவும், நோயாளியைப் பிடித்துக்கொள்ளவும் ஐடா சொல்லிக் கொடுத்தார். வேலூரின் முதல் நர்சு என்று சலோமியைச் சொன்னால் தப்பு இல்லை.

1902-ல் 40 கட்டில் கொண்ட ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. டாக்டர் ஒருவர். கட்டில் நாற்பது. பகலில் ஆபரேஷன். ராத்திரியில் பிரசவம். வாரத்துக்கு ஒரு தடவை குடியாத்தத்துக்கும் போவார். வழியில் மரத்தடியில் எல்லாம் நோயாளிகள் காத்திருப்பார்கள். முதலில் மாட்டு வண்டிப் பயணம். பிறகு 1909-ல் பிரான்சு தேசத்து மோட்டார் கார் ஒன்று வந்தது. குதிரையும் மாடும் இல்லாமல் புகைவிட்டுக்கொண்டு ஓடிய அந்த வண்டியைப் பார்த்து, பிசாசு வருகிறது என்று ஜனங்கள் வயல்காட்டுக்குள் ஓடினார்களாம்.

மரத்தடி வைத்தியம் பெரிய சேவைதான். ஆனால் ஐடா வெளியே போன பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஆபத்து வந்தால்? பக்கத்தில் இருப்பது யார்? அதைத் தெரிந்துகொள்ளும் கண் யாருக்கு இருக்கிறது?

நாடி எண்ணும் பெண்கள்

1909-ம் ஆண்டிலேயே வேலூரில் நர்சுப் பள்ளிக்கூடம் தொடங்கியது. டிலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்சு அதை நடத்தினார்.

பெண்கள் சுலபமாக வரவில்லை. நர்சு வேலை என்றால் அப்போது இளப்பம். பிறர் மலத்தையும் ரத்தத்தையும் தொடுகிற வேலை, ராத்திரி வீட்டை விட்டு வெளியே தங்குகிற வேலை என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள். பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள்தான் சேர்ந்தார்கள்.

அந்த நாளில் நர்சுப் பெண் முதலில் கற்றுக்கொள்வது என்ன தெரியுமா? எண்ணுவது! நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, நாடி நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ண வேண்டும். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும். மூன்றையும் கட்டிலில் தொங்கும் தாளில் குறிக்க வேண்டும். நாலு மணிக்கு ஒரு தடவை இப்படி.

பார்ப்பதற்கு அற்ப வேலை. ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. பிரசவித்த தாய்க்கு உள்ளே ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் பேசுவாள். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வாள். முகம் வெளுப்பது, மயக்கம் வருவது எல்லாம் பிறகுதான். அதற்கு முன்பே நாடி 80-ல் இருந்து 100, 100-ல் இருந்து 120 என்று ஏறிவிடும். எண்ணுகிறவளுக்குத் தெரியும். எண்ணாதவளுக்குத் தெரியாது.

மார்க்கு ஏறினால் ஆபத்து

இந்தப் பழைய தாளுக்குத்தான் பிற்காலத்தில் ஒரு புது உருவம் கிடைத்தது. 1997-ல் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், நர்சு குறிக்கும் எண்களுக்கு மார்க்குப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் மார்க்கு. 2012-ல் அந்த நாடு முழுவதற்கும் ஒரே முறை வகுத்தார்கள். 2017-ல் அதைத் திருத்தினார்கள். பல நாடுகளில் இப்போது அதைப் பின்பற்றுகிறார்கள்.

முறை சுலபமானது. மூச்சு, ரத்தத்தில் உள்ள பிராணவாயு, ரத்த அழுத்தம், நாடி, உடம்புச் சூடு, தெளிவான நினைவு ஆகிய ஆறையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் சரியாக இருந்தால் சைபர். கொஞ்சம் மாறினால் 1. இன்னும் மாறினால் 2. மோசமானால் 3. நினைவு தப்பினாலோ குழம்பினாலோ நேராக 3. பிராணவாயு கொடுத்துக்கொண்டு இருந்தால் அதற்குத் தனியாக 2. பிறகு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பரீட்சையில் மார்க்கு ஏறினால் சந்தோஷம். இங்கே ஏறினால் ஆபத்து!

ஒரு கணக்குப் பார்ப்போம். நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 22. அதற்கு மார்க்கு 2. நாடி 115. அதற்கும் 2. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 98. அதற்கும் 2. சூடு பாரன்ஹீட்டில் சுமார் 101 டிகிரி. அதற்கு 1. பிராணவாயு சரியாக இருக்கிறது. நினைவும் இருக்கிறது. இப்படித் தனித்தனியாகப் பார்த்தால் காய்ச்சல்காரர், கொஞ்சம் களைப்பு என்றுதான் தோன்றும். கூட்டிப் பார்த்தால் 7. 5 வந்தாலே டாக்டரைச் சீக்கிரம் வரவழைக்க வேண்டும். 7 வந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை தெரிந்தவர்கள் ஓடி வர வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்குக் கட்டில் இயந்திரம் உண்டு. நாடி தப்பினால் மணி அடிக்கும். சாதாரண வார்டில் அப்படி இல்லை. அங்கே இருந்து சரியான நேரத்தில் தீவிர சிகிச்சைக்கு அனுப்பவும், அங்கிருந்து தேறி வார்டுக்கு வந்தவர் மறுபடி சரிந்துவிடாமல் பார்க்கவும் இந்த மார்க்கு உதவுகிறது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தனி மார்க்கு முறை உண்டு. கர்ப்ப காலத்தில் நாடியும் மூச்சும் இயல்பிலேயே கொஞ்சம் மாறும் அல்லவா? 2007-ல் பிரிட்டனில் பிரசவ மரணங்களை ஆராய்ந்த அறிக்கை, எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அதைக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, வேதனையும் உண்டு. ஆறிலும் முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சு. ஆனால் ஒழுங்காக எண்ணப்படாததும் மூச்சுதான். முழு நிமிடம் நின்று எண்ண நேரம் இல்லாமல், எல்லார் தாளிலும் 18 அல்லது 20 என்று எழுதிவிட்டுப் போகிற வழக்கம் பல நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. தாள் நிறைந்துவிடும். ஆபத்து மட்டும் தெரியாது. மார்க்கு முறை படித்திருந்தால் போதாது. அது ஏன் என்றும் நர்சுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நடுராத்திரியில் பெரிய டாக்டரை எழுப்ப இளம் நர்சுக்குப் பயம். என்னவோ சரியில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம். மார்க்கு 7 என்று சொன்னால் கோபிக்க முடியாது. அந்தத் தைரியத்துக்காகவாவது இந்தத் தாள் தேவை.

மலையும் மருத்துவமனையும்

கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளிமலையைச் சுற்றி மலையாளி மக்கள் வசிக்கும் சிற்றூர்கள். பெரிய வைத்தியம் வேண்டுமானால் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். 2008-ல் 108 ஆம்புலன்சு வந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் மலைப்பாதை குறுகப் போவது இல்லை. மேலே இருக்கும் நர்சு நாடியை எண்ணி, இவளை இப்போதே கீழே அனுப்புங்கள் என்று ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால், பாதை தின்னும் நேரம் ஈடாகிவிடும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் எல்லாம் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தார்கள். அந்த விஷம் பொல்லாதது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. போதை தெளிந்து பல மணி நேரம் கழித்து வயிற்று வலி, கண் மங்கல். ரத்தத்தில் அமிலம் ஏற ஏற மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கும். அந்த மூச்சை எண்ணிப் பார்க்கிறவருக்கு அது ஆபத்துச் சங்கு. குடித்ததை மறைத்து, வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்களுக்கு அந்தச் சங்கை ஊத ஆள் இல்லை.

பதினான்கு பேரும் பாஸ்!

ஐடாவுக்கு நர்சுகள் மட்டும் போதவில்லை. பெண் டாக்டர்கள் வேண்டும் என்று நினைத்தார். அரசாங்கத்திடம் அனுமதி கேட்டபோது, பெண்கள் யார் வரப்போகிறார்கள் என்று பெரிய அதிகாரி சிரித்தார். 1918 ஆகஸ்டு 12-ல் பள்ளி தொடங்கியது. பெண்கள் வந்தார்கள். ஆண்களிலேயே ஐந்து பேருக்கு ஒருவர்தான் தேறுகிறார்கள், முதல் பரீட்சையில் யாரும் பாஸ் ஆகாவிட்டால் மனம் உடைய வேண்டாம் என்று ஐடாவுக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தார்கள். முடிவு வந்தது. பரீட்சை எழுதிய 14 பெண்களும் பாஸ்! 1922-ல் அவர்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

1928-ல் காந்தியடிகள் வேலூர் வந்தபோது அந்தப் பள்ளிக்கும் போனார்.

பிறகு ஒரு பெரிய இடி. ஐடாவின் பள்ளி எல்.எம்.பி. என்ற சிறிய படிப்புக்கு உரியது. இனி எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்புதான் செல்லும் என்று 1930-களின் கடைசியில் சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. பட்டப் படிப்பு என்றால் கட்டில் வேண்டும், கருவி வேண்டும், பேராசிரியர்கள் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? பள்ளியை மூடிவிடலாம் என்று நண்பர்கள் சிலரே சொன்னார்கள். ஐடாவுக்கு அப்போது எழுபது வயது நெருங்குகிறது. உலக யுத்தம் நடந்துகொண்டு இருந்தது. 1941-ல் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார்.

அங்கே ஒரு சிக்கல். உதவி செய்ய வந்தவர்கள், ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஐடாவோ பெண்களுக்காகவே அதைத் தொடங்கியவர். ஆண்டாண்டு காலமாகப் பணம் அனுப்பிய அமெரிக்கப் பெண்மணிகள், இது துரோகம் என்றே கோபித்தார்கள். நெருங்கிய தோழிகளோடு மனக்கசப்பு. ஐடா வெகுவாக யோசித்தார். கல்லூரி பிழைக்க வேறு வழி இல்லை என்று கண்டதும் ஒப்புக்கொண்டார். 1942-ல் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். இந்த விஷயத்தில் ஐடா வளைந்து கொடுத்தது கொஞ்சம் தாமதமோ என்று கூடத் தோன்றுகிறது.

1946-ல் வேலூரில் நர்சுக் கல்லூரி வந்தது. இந்தியாவில் நர்சுப் படிப்புக்குப் பட்டம் கொடுத்த முதல் இடங்களில் அது ஒன்று. கத்தியைக் கொதிக்கவைக்கச் சலோமிக்குச் சொல்லிக் கொடுத்த ஊரில், 46 ஆண்டில் நர்சுக்குச் சர்வகலாசாலைப் பட்டம்!

அதே ஆண்டில் ஐடா ஓய்வு பெற்றார். பிறகு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டர் பொறுப்புக்கு வந்தார். கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட ஐடா கொடைக்கானல் மலையில் உள்ள தம் வீட்டில் வசித்தார். அறுபது வயது தாண்டியும் டென்னிஸ் ஆடி, சின்னப் பெண்களைத் தோற்கடித்தவர் அவர். ஊர், தெரு ஒன்றும் எழுதாமல் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம் ஒன்று நேராக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

1960-ம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். வயது 89. அடுத்த ஆண்டில் வேலூர் ஆஸ்பத்திரியில் இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அப்படி ஆபரேஷன் ஆன நோயாளியை ஒரு நிமிடமும் தனியே விட முடியாது. நாடியையும் மூச்சையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, விடிய விடிய நர்சு பக்கத்திலேயே நிற்க வேண்டும்.